கரிசல் பட்டு

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கோவில்பட்டிக் கடைக்குப் போனபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். சேலைகளுக்கு நிறமும் கரையும் வரைந்து கொடுக்கிறவர். தன் புதுச் சேலைகளைக் காட்ட வந்திருந்தார். கத்தரித்த நரைமுடி, நகக்கண்ணில் கழுவியும் போகாத சாயம். எந்தச் சேலையையும் கடை விளக்கில் காட்டமாட்டார். வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

மகள் கை வைத்தது ஒரு கரும்பட்டில்.

"கல்யாணத்துக்கு யாராவது கருப்பு எடுப்பாவளா?" என்று என் மனைவி அதைத் தள்ளிவைத்தாள்.

அந்த அம்மா சேலையை வெயிலில் விரித்தார். கருப்புக்குள்ளிருந்து நீலமும் செம்மையும் மெல்ல எழுந்து வந்தன.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"பசுவந்தனை."

"மழை பெஞ்ச மறுநா உங்க கரிசல் புஞ்சை எப்படிக் கெடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அதைத்தான் முதல்ல படமா வரைஞ்சேன். பொறவுதான் பட்டாச்சு."

மனைவி அந்தச் சேலையைக் கையில் வாங்கினாள். முந்தானையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்தார். "என்ன மயினி, பொண்ணுக்குப் போயி கருப்பைக் கட்டியிருக்கிய?"

"கருப்பா? எங்க புஞ்சைல்லா அது" என்ற என் மனைவி, மகளின் கையைப் பிடித்து வாசல் வெயிலுக்குக் கூட்டிப் போனாள். சம்பந்தி வீடே பின்னால் வந்தது.

அந்த அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்க வேண்டும். பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.