வெந்த தீனியில் கலந்த பொடி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சூளகிரிச் சந்தை முழுக்கத் தெரியும். தவிடு, புண்ணாக்குக் கடை வைத்திருக்கும் இந்த அக்பர் பாஷா சாதுவாக இருந்தால் மூட்டையோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் முனிலட்சுமி கதையை எடுத்தால் மட்டும் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிடுகிறது. சொல்லித் தொலைக்கிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தில் பெரிய குட்டை ஒன்று, சின்னக் குட்டை ஒன்று வெட்டி, கட்லா, ரோகு மீன்கள் வளர்த்தாள் அவள். அதற்கு முன்பு நாலு கறவை மாடு வைத்திருந்தவள். மாட்டை விற்று மீன் குஞ்சு வாங்கியபோது ஊரே சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். புருஷன் எல்லப்பனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தொண்ணூற்றேழாம் வருஷம் அது. கம்பெனி ஷெட் போட அந்த நிலத்தைக் கேட்டு வாரம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். எல்லப்பன் அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "நோவு வந்து செத்தா உன் தப்பில்ல, அடுத்த வருசமும் வளத்துக்க. உன் கவனக்கொறவால செத்துச்சுன்னா குட்டைய மூடிருவேன். அப்புறம் பேசக் கூடாது."

அந்தப் புரட்டாசியில் பக்கத்து மேட்டில் இருந்த கங்கப்பன் குட்டையில் மீன்கள் உடம்பெல்லாம் சிவந்த புண்ணோடு மிதக்க ஆரம்பித்தன. மழை வலுத்தால் அந்தத் தண்ணீர் வழிந்து நேராக முனிலட்சுமியின் குட்டைக்குத்தான் வரும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீன் வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்ல வரும் மாடசாமி திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். அவளுக்காக ஒரு பொடிப் பாக்கெட்டை என் கடையில் கொடுத்தார். "அண்ணாச்சி, இது மருந்து இல்ல. உயிரோட இருக்க நல்ல கிருமி. அது தின்னு பெருக நாரும் சேத்திருக்கு. தீனியோட போனா மீன் குடல்ல தங்கி நோய எதுத்து நிக்கும்" என்று அவர் சொன்னது வரை கேட்டேன். அதற்குள் தவிட்டில் உமி கலந்திருக்கிறது என்று ஒருவன் சண்டைக்கு வந்துவிட்டான். அவனோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மாடசாமி மிச்சத்தையும் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் முனிலட்சுமி வந்து, "எப்பிடிணா குடுக்கறது?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? எங்கள் பக்கம் மாட்டுக்கு எந்தப் பொடி கொடுத்தாலும் பருத்திக்கொட்டையும் தவிடும் வேகும்போது போட்டுக் கிளறித்தான் கொடுப்போம். "தீனிய அடுப்புல ஏத்தி, கொதிக்கறப்ப பொடியப் போடு. நல்லா வெந்தாத்தான் சாரம் எறங்கும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். அவள் நம்பிப் போனாள்.

பன்னிரண்டு நாள் அப்படியே போட்டிருக்கிறாள். பதின்மூன்றாம் நாள் காலையில் மாடசாமி கடைக்கு வந்து, "அந்தம்மா தீனிய ஆற வச்சுத்தான கலக்காக? சூட்டுல போட்டா கிருமி அம்புட்டும் செத்துரும். கொதிக்கிற பால்ல உறைமோர் ஊத்துன மாதிரிதான்" என்றார். "ஆமாமா" என்று அவரை அனுப்பிவிட்டு மொபெட்டை விரட்டினேன்.

குட்டைக் கரையில் மூன்று கல் வைத்து, அண்டாவில் தீனி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் பாக்கெட். "போடாதம்மா" என்று கத்தினேன். கத்தியதோடு விட்டேனா? "பாலுக்கு ஒற ஊத்தறவதானே நீ, உசுருள்ளதக் கொதியில போடறமேன்னு தோணல?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"நீங்கதானேணா சொன்னீங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

பாக்கெட்டில் கால்வாசிதான் மிச்சம். அது ஒரு குட்டைக்குத்தான் காணும். சின்னக் குட்டைக்கென்று முடிவு செய்து, ஆறிய தீனியில் பிசைந்து போட்டாள். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. நானும் அவளுமாக மண் மூட்டை அடுக்கிச் சின்னக் குட்டையின் மேல்கரையை உயர்த்தினோம். பெரிய குட்டையின் கரை நீளம், அதற்கு மூட்டையும் இல்லை, நேரமும் இல்லை. நாலாம் நாள் மழை ஊற்றித் தள்ளியது. கங்கப்பன் குட்டை வழிந்து பெரிய குட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் அழுதாள்.

அடுத்த பத்து நாளில் பெரிய குட்டை முழுக்க மீன் செத்து வயிறு தெரிய மிதந்தது. சின்னக் குட்டை தப்பித்தது. காப்பாற்றியது பொடியா மண் மூட்டையா என்று மாடசாமிக்கே சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் லீவில் இருந்தான். மாடசாமியும் வந்திருந்தார், நாலு பேரும் கரையில் நின்றோம்.

"கங்கப்பன் தண்ணியால வந்த நோவுதானே சார்?" என்று கேட்டான்.

"தண்ணியாலதான். ஆனா முன்னாடியே பொடி தின்ன மீனு கொஞ்சமாவது தாங்கியிருக்கணும்" என்ற மாடசாமி, அவளைப் பார்த்து, "எப்படிம்மா கலந்தீங்க?" என்றார்.

"கொதிக்கறப்ப போட்டேன்" என்றாள்.

"யாரக் கேட்டுப் போட்ட?" என்றான் எல்லப்பன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்றாள். சந்தையே திரும்பிப் பார்க்க வாய் கிழியப் பேசுகிற நான், செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இது உன் கவனக்கொறவுதான்" என்று சொல்லிவிட்டு எல்லப்பன் நடந்துவிட்டான்.

ஐப்பசி கடைசியில் லாரி வந்து பெரிய குட்டையில் மண் கொட்டியது. சின்னக் குட்டையை மட்டும் அவள் மன்றாடி வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்து, "ஏம்மா என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னுதாணா நின்னேன்" என்றாள்.