சுவரோரம் ஒரு கைப்பிடி உப்பு

எங்கள் வீட்டுச் சாவிகள் ஒரு மரக்கட்டையில் தொங்கின. உள்ளங்கை அளவு இருக்கும். வலை மூழ்காமலிருக்க அதன் மேல்விளிம்பில் கட்டும் மிதப்புக்கட்டை அது. கடற்கரையிலிருந்து அம்மா கோயமுத்தூருக்குக் கொண்டுவந்த ஒரே சாமான். அதில் ஒரு சிலுவையும் அதன் கீழே மூன்று கோடுகளும் செதுக்கியிருக்கும். மூன்றாவது கோடு மட்டும் வளைந்து கீழே இறங்கும். முதன்முதலில் செதுக்கியபோது தாத்தாவுக்குக் கத்தி வழுக்கிவிட்டதாம். பிறகு அந்தக் கோணலையே தன் குறியாக வைத்துக்கொண்டாராம்.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பதின்மூன்று வயதாகும்போது கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. ஆளும் வரவில்லை, மரமும் கரை ஒதுங்கவில்லை. அடுத்த வருடமே அம்மாவைக் கோயமுத்தூருக்கு மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு, அவர் வேலை தேடிப் போன இடமெல்லாம் அவளும் போனாள். வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறித்தாள், பவானியில் ஜமக்காளத்துக்கு நூல் சுற்றினாள். நானும் கூடவே பள்ளிக்கூடம் மாறி மாறி எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் ஓர் ஊரில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருக்க என்னால் முடிவதில்லை.

உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை ஏது? அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று, அப்போதிருக்கும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில், யாரையும் புதைத்திராத சுவரோரமாகப் பார்த்து அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். மண்ணில் ஒரு கைப்பிடி கல்லுப்பு தூவுவாள்.

"இந்த ஊருக்குள்ள அவரு எங்கன்னு வந்து நிப்பாரு? கடல் வாசம் கொஞ்சமாச்சும் வேணுமில்ல கண்ணு" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது நாங்கள் மறுபடியும் கோயமுத்தூரில் இருந்தோம். அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. கடற்கரையில் மீனவர்களே சேர்ந்து நடத்தும் ஓர் அருங்காட்சியகம், தன் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்ட வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கியிருந்தார்கள். அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கல்யாணச் சேலை கட்டி, சாவிக்கட்டையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடல்காரர்கள் யாராவது அந்தக் குறியைப் பார்த்து, மரம் இன்ன இடத்தில் ஒதுங்கியது என்று சொல்லிவிடமாட்டார்களா என்பது அவள் எண்ணம்.

மண்டபத்தில் வலைகளும் துடுப்புகளும் சங்குகளும் இருந்தன. நடுவில் ஒரு கட்டுமரம். யார் வீட்டுப் பொருளோ அந்த வீட்டு ஆளே பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது அவர்கள் வழக்கம். கட்டுமரத்தருகே இருபது வயதுள்ள ஓர் அண்ணன் நின்றார்.

"ஏனுங்க, இதுல தண்ணி உள்ள வராதுங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"உள்ளன்னு ஒண்ணு இருந்தாத்தானக்கா வரும்!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவருடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஏறும்.

நான்தான் முதலில் பார்த்தேன். மரத்தின் முனையில் ஒரு சிலுவை, மூன்று கோடு, மூன்றாவது கோணல்.

அண்ணன் என் பார்வையைக் கவனித்துவிட்டார். "அது எங்கப்பா குறி பாப்பா. எத்தன தடவ மரம் மாத்துனாலும் குறிய மாத்தமாட்டாரு. மொதல்ல கத்தி வழுக்கிடுச்சாம், அதயே வச்சிக்கிட்டாரு."

அம்மா குனிந்து அந்தக் கோணல் கோட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்பாவுக்கு எந்த ஊருங்க தம்பி?" என்று கேட்டாள்.

"தெக்கேருந்து வந்தவரு, அக்கா. அங்க தனக்கு யாரும் இல்லன்னு சொல்லுவாரு."

"இப்ப இருக்காருங்களா?"

"போன வருசம் தவறிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. எங்க கோயில் கல்லறையிலதான் வச்சிருக்கோம்."

நான் பையை இழுத்தேன். "அம்மா, நம்ம சாவிக்கட்டைலயும்..."

அம்மா பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்லயும் இந்த மாதிரி இருக்காக்கா?" என்றார் அவர்.

"இல்லீங்க தம்பி. நாங்க இந்தப் பக்கத்துக்காரங்க. கடலே பாத்ததில்லீங்க."

சொல்லிவிட்டு அந்தக் குறியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தொடக்கூடாது என்று எழுதியிருந்தது, அவர் தடுக்கவில்லை. "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டேன் என்றதும் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, குறி சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாவிக்கட்டையைத் திருப்பி மாட்டினாள்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. தேடிப்போனது கிடைத்துவிட்டது, கிடைத்ததை ஏன் இல்லையென்று சொல்லவேண்டும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா பொய் சொன்னாள் என்பதுதான். அது கோயிலில் முதல் நற்கருணை வாங்க நான் தயாராகிக்கொண்டிருந்த சமயம். பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, கடலைப் பார்த்ததேயில்லை என்று அம்மா பொய் சொல்லிவிட்டதாகச் சாமியாரிடம் சொன்னேன்.

"உன் பாவத்தச் சொல்லு கண்ணு. அம்மாவோடத அம்மா சொல்லிக்குவாங்க" என்றார் அவர்.

அம்மா சொன்னாளா என்று தெரியாது.

அந்த நவம்பரில் வழக்கம்போல் சுவரோரம் மெழுகுவத்தி ஏற்றினாள். உப்பு மட்டும் தூவவில்லை.

"உப்பு கொண்டாரலையாம்மா?" என்று கேட்டேன்.

"இனி வேண்டாங்கண்ணு."

வீட்டில் உப்பு தீர்ந்துபோயிருக்கும், கேட்டால் அப்பா சத்தம் போடுவார் என்று சும்மா இருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித் தீர்வது புதிதில்லை. அதனால் அடுத்த வருடம் நானே ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கைக்குட்டையில் முடிந்து, அவளுக்குத் தெரியாமல் கொண்டுபோனேன். மெழுகுவத்தியைச் சுற்றித் தூவினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை. என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைத் தன் முந்தானையால் துடைத்தாள், அது போன பிறகும் விடாமல் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

தாத்தா இந்த வருடம் வழி தவறாமல் வந்துசேர்ந்துவிடுவார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.