ஆக்ஸிலேட்டர் ஓரத்தில் இரண்டு விரல்

இன்று குரோம்பேட்டை சிக்னலில் ஆயில் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறியதும், அப்பாவின் பழைய ஸ்கூட்டரும், அதன் முன்பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி நின்ற தம்பியும், அப்பாவின் முதுகுக்கும் அம்மாவின் வயிற்றுக்கும் நடுவே நசுங்கி வயிறெரிந்துகொண்டிருந்த நானும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தோம்.

அந்த வருஷம் வண்டிக்கு ஒரு வியாதி. கியர் மாற்ற அப்பா ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினாலும் இன்ஜின் இரைச்சல் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே போகும். அஸ்தினாபுரத்தில், இப்போது மருந்துக்கடை இருக்கும் இடத்தில் அன்றிருந்த தகர ஷெட்டில், மெக்கானிக் கேபிளுக்கு எண்ணெய் விட்டார், கார்புரேட்டரைக் கழுவினார், தனியாக ஒரு ரவுண்டு போய்வந்தார்.

"கேபிள் நல்லாத்தான் கீது சார். நான் ஓட்டசொல்ல சத்தம் கரெக்டா எறங்குதே."

எனக்குக் காரணம் தெரியும். வண்டியில் ஏறினால் தம்பியின் கையை விட்டு என் கண் நகராது. அப்பாவின் கையை ஒட்டி, ஆக்ஸிலேட்டரின் ரப்பர் பிடி ஓரத்தை இரண்டு விரலால் இறுக்கிக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு நிற்பான்.

"நீங்க விட்டாலும் அவன் விடமாட்டேங்கறான்ப்பா," என்றேன்.

தம்பி பின்னால் போனான். நான் முன்னால் ஏறினேன். முகத்தில் காற்று, கைக்கெட்டும் தூரத்தில் வெதுவெதுப்பான அந்த ரப்பர். தெருமுனையில் அப்பா கியர் மாற்றினார். இரைச்சல் இறங்கவில்லை.

அப்பாவின் அக்குளுக்குக் கீழே தலையை நீட்டி, தம்பி நிதானமாகச் சொன்னான்: "அப்பா, அக்கா கையப் பாருங்க."