சந்தனம் பூசிய ரேடியோ

குமிழைத் திருகியதும் குரல் வந்துவிடாது. முதலில் எண்களுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் எரியும். பிறகு காலடியில் எங்கோ ஒரு வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ரீங்காரம் கிளம்பும். உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற அரை நிமிடம்போல் ஆகும். அதன் பிறகுதான் ஆள் பேசுவது கேட்கும். அந்தக் காரின் பின்சீட்டில் என் முதலாளி ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்க, டிரைவரான நான் முன்னால் விறைத்துப்போய்க் காத்திருந்த ஓர் அரை நிமிடம் உண்டு. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

காஜா பேராங்கில் ஐயா வீட்டில் நான் டிரைவராகச் சேர்ந்தது, மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம். தெருவில் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. வீட்டில் எனக்குக் கைக்குழந்தை. அதனால் பயந்த சுபாவம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ஐயா மொத்தமாக அரிசியும் பருப்பும் விற்கும் வியாபாரி. கார், சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. கறுப்பு நிறத்தில் கப்பல் மாதிரி நீளமாக இருக்கும். முன்பக்கம் முழுக்க வார்னிஷ் போட்ட மரப்பலகை; அதன் நடுவே கம்பெனிக்காரனே பொருத்தி அனுப்பிய ரேடியோ; கீழே பித்தளை வலைக்குப் பின்னால் ஸ்பீக்கர். துரைக்குப் பிறந்த கார் என்று தெருவில் கேலி செய்வார்கள். ஐயாவுக்கு அதில் பெருமைதான்.

அந்த வீட்டில் வேறு ரேடியோ கிடையாது. முன்பு இருந்ததாம். ஐயாவின் ஒரே மகள், நாங்கள் பாப்பா என்று சொல்வோம், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய், ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி சொல்கிற வேலையில் சேர்ந்துவிட்டார். அன்றைக்கே ஐயா கூடத்தில் இருந்த ரேடியோவைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, அந்தக் குரலும் கேட்கக் கூடாது என்று உத்தரவு. கார் ரேடியோவையும் கழற்றச் சொல்லப் பார்த்தாராம். ஆனால் கழற்றினால் அந்த அழகான பலகையில் பொக்கைவாய் மாதிரி ஓட்டை விழுமே! அதற்கு மனது வரவில்லை. மகளை விட்டுக்கொடுத்த மனுஷரால் பலகையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, கோயிலுக்கு நேராகப் போகாமல் புக்கிட் பாரு பக்கம் சுற்றச் சொல்வார். "தம்பி, அத கொஞ்சம் போடுப்பா. ஐயாகிட்ட சொல்லிடாத" என்பார். பெண்களுக்கான அந்த நிகழ்ச்சி வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வரும். பாப்பா சமையல் குறிப்பு சொல்வார், கடிதங்களுக்குப் பதில் சொல்வார். வெண்டைக்காய் வதக்குவதைக் கேட்டு ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பாப்பாவுக்கு அது ஆறாவது மாதம் என்று யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். பாப்பாவிடமிருந்து கடிதம் வந்தால் ஐயா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். அக்கம்பக்கத்து வீட்டில் போய் ரேடியோ கேட்டால் ஊர் வாயில் விழ வேண்டும். ஆக மகள் நன்றாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு அந்தக் குரலைவிட்டால் வேறு வழியில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது. நான் காரைக் கழுவித் துடைத்து வைத்தேன். அம்மா தாம்பாளத்தோடு வந்தார். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, விளக்குகளுக்குப் பொட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு ரேடியோவுக்கு முன்னால் நின்றார். அவருக்கு அது வெறும் ரேடியோவா என்ன? சந்தனத்தைக் கை நிறைய அள்ளிப் பித்தளை வலையில் அப்பினார். மூன்று விரலால் பட்டையும் இழுத்து, பன்னீர்ச் செம்பை எடுத்து மூன்று முறை ஓங்கித் தெளித்தார். "என் புள்ள நல்லா இருக்கணும் தாயே" என்று முணுமுணுத்தார். அதைக் கேட்ட பிறகு, "அம்மா, போதும்மா" என்று சொல்ல எந்த டிரைவருக்கு வாய் வரும்?

அடுத்த வெள்ளிக்கிழமை குரல் வந்தது. ஆனால் கரகரவென்று, தொண்டை கட்டி, நெஞ்சில் சளி அடைத்தவர் பேசுவதுபோல் வந்தது. சில எழுத்துகள் இரைந்தன, சில காணாமலே போயின. அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். "ஐயோ, என்னா இப்படிப் பேசறா? மாசமா இருக்கிற புள்ளைக்கு இவ்ளோ சளியா?" அன்று கோயிலில் அவர் அழுததைப் பார்த்து குருக்களே பயந்துவிட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ரேடியோ ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

சனிக்கிழமை காலை ஐயாவைக் கடையில் இறக்கிவிட்டுக் காரை ரேடியோ ரிப்பேர்காரரிடம் ஓட்டினேன். அவர் எங்கள் பகுதியிலேயே பரம்பரையாக இருக்கும், தமிழை மறந்துபோன செட்டி இனத்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், சாமி படம் இருக்கும், வாயில் மட்டும் மலாய்தான். ஸ்பீக்கரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த காகிதக் கூம்பு பன்னீரில் ஊறி, சந்தனம் காய்ந்து, அப்பளமாக விறைத்து விரிசல் விட்டிருந்தது. "சியாப்பா சுரோ மண்டிக்கான் ரேடியோ?" என்றார். ரேடியோவைக் குளிப்பாட்டச் சொன்னது யார் என்று கேட்கிறார். மேலிடத்து உத்தரவு என்று நான் மேலே கையைக் காட்டினேன். அவர் சாமி என்று எடுத்துக்கொண்டார், சிரித்தார்.

புது ஸ்பீக்கர் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார். அடியில் இருந்த மின்சாரப் பெட்டியிலும் தண்ணீர் இறங்கியிருந்ததால் அதையும் கழற்றி வைத்துக்கொண்டார். ஐயா கண்ணில் ஓட்டை படக் கூடாதே என்று குமிழும் முகமும் மட்டும் பலகையில் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஆக, உள்ளே ஒன்றுமில்லாத முகத்தோடு அந்தக் கார் ஊர்வலம் வந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லத்தான் சொன்னேன். "பாப்பா குரல் நல்லாத்தாம்மா இருக்கு, நம்ம ஸ்பீக்கர்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "சந்தனம் பட்டு யாருக்குப்பா கெடுதல் வந்திருக்கு? பெத்தவளுக்குத் தெரியாதா புள்ள கொரலு?"

செவ்வாய்க்கிழமைகளில் ஐயா கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வரமாட்டார். உஜோங் பாசிரில் கடலைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொல்வார். "நீ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா, நான் கூப்பிடறேன்" என்பார். கணக்கு வழக்கில் மண்டை காய்ந்துபோன மனுஷர், காற்று வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கோப்பியை ஊதக்கூட இல்லை, ஹாரன் அலறியது. ஓடினேன். பின்சீட்டில் இருக்க வேண்டியவர் முன்சீட்டில் இருந்தார். கை குமிழில் இருந்தது.

"என்னா இது, லைட்டே வரல?"

வேலை போனது, குழந்தைக்குப் பால் மாவு போனது என்று மனம் கணக்குப் போட்டது. அம்மா பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்பது நினைவிருந்தது. "பூசைக்குக் கழுவறப்ப தண்ணி பட்டிருச்சுங்கய்யா. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடலைப் பார்த்தபடி, "எப்ப ரெடியாகும்?" என்றார். குரல் அடங்கியிருந்தது. "சீக்கிரம் வேணும்பா. அம்மாகிட்ட சொல்லிடாத."

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? காலையில் கதவோரம் அம்மா, "வந்துருச்சாப்பா?" என்பார். கடை வாசலில் ஐயா, "என்னா ஆச்சு?" என்பார். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையல்காரம்மா சொன்னார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே கவலையைச் சுமந்துகொண்டு ஒரே காரில் போய்வந்தார்கள். நடுவில் நான், இரண்டு பக்கமும் வாயைப் பூட்டிக்கொண்டு. ரிப்பேர்காரர் கடைக்கு நான் நடந்த நடையில் அவர் என்னைக் கண்டாலே, "பெலும், பெலும்" என்று கையை ஆட்ட ஆரம்பித்தார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்பீக்கர் வந்து பொருத்தியாயிற்று. பித்தளை வலையின் கண்களில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டினால் பித்தளை கீறும் என்று அப்படியே விட்டுவிட்டார். அன்று மாலை பத்து பெரெண்டாமில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. ஐயாவும் அம்மாவும் சேர்ந்து ஏறினார்கள். சேர்ந்து போகும் அன்றைக்கு ரேடியோ பேச்சே வராது என்று நிம்மதியாகச் சாவியைத் திருப்பினேன்.

மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. ரிப்பேர்காரர் கடையிலிருந்து வரும் வழியில் போட்டுப் பார்த்த நான் ரேடியோவை அணைக்க மறந்திருக்கிறேன். மணியோ பாப்பாவின் நிகழ்ச்சி நேரம்.

ரீங்காரம் கிளம்பியது. என் கை தானாகக் குமிழுக்குப் போனது. அணைத்தால் அம்மாவுக்குத் துரோகம், ஐயாவுக்கும் துரோகம். அணைக்காவிட்டால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். அணை என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. வால்வுகள் சூடேற ஏற, வலையிலிருந்து மெல்லச் சந்தன வாசனை எழுந்தது. என் கை பாதி வழியில் அப்படியே நின்றது.

"நேயர்களுக்கு வணக்கம்" என்றது குரல். மணி அடித்தாற்போல் சுத்தமாக, சிரிப்பு கலந்து வந்தது. கரகரப்பு துளியும் இல்லை.

"அப்பாடா" என்றார் ஐயா, தன்னை மறந்து. "சளி விட்டிருச்சு."

கண்ணாடியில் அம்மா அவர் பக்கம் திரும்புவது தெரிந்தது. "சளின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐயா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாப்பா பூசணிக்காய்க் கூட்டுக்குத் தேங்காய் அரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து பெரெண்டாம் திருப்பம் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன்.

"டிரைவர், காடியில எண்ணெய் இருக்கா?" என்றார் ஐயா, துண்டுக்குள்ளிருந்து.

"எதுவரைக்கும்ங்கய்யா?"

அம்மாதான் சொன்னார். "கோலாலம்பூர் வரைக்கும்."

பாப்பாவுக்குச் சளியே பிடிக்கவில்லை என்பதை அங்கே போன பிறகு அவரே சொல்லித்தான் இருவரும் நம்பினார்கள். "பார்த்தியா, சந்தனம் கெடுதல் செய்யாதுன்னு சொன்னேன்ல?" என்று அம்மா என்னை மடக்கினார்.

என் பேரனின் காரில் பொத்தானைத் தொட்டதும் பாட்டு பாய்ந்து வருகிறது. அணைக்கலாமா விடலாமா என்று யோசிக்கக்கூட நேரம் இருப்பதில்லை. அவன் ஒவ்வொரு முறை தொடும்போதும் என் கை சற்றே உயர்ந்து பாதி வழியில் நிற்கிறது. "என்னா தாத்தா, சத்தத்தக் கொறைக்கணுமா?" என்கிறான். இல்லையப்பா, இருக்கட்டும் என்கிறேன்.