யாசீன் பாயும் மைனாத் தொட்டியும்

மூக்கு என் மூக்குதான். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிட்றேன். காது மட்டும் மாப்ள வூட்டுக் காது. என் பொண்ணு ஜெரூஷாவுக்கு கொழந்த பொறந்து ரெண்டாவது மாசம் ஓடுது. காலைல இளவெயில் காட்டணும்னு நான்தான் மாடிக்குத் தூக்கினு போவேன். வேற யாரையும் வுடமாட்டேன்.

அந்த மாடிலதான் யாசீன் பாய் மாட்டிக்கினாரு.

பாய் எங்களுக்கு எதுர் வூடு. எங்க பொழிச்சலூர் தெருவுல இருக்குற கேட்டு, ஜன்னல் கிரில்லு, மாடிப்படி கைப்பிடி முக்கால்வாசி அவரு வெல்டிங் வெச்சதுதான். மீச மொளைக்கிறதுக்கு முன்னாடியே பம்மல்ல ஒரு பட்டறைல சேந்தவரு. இப்ப சொந்தப் பட்டறை. தெருவுல நடந்து போனா மனுசன் மூஞ்சியப் பாக்கமாட்டாரு, கேட்டத்தான் பாப்பாரு. எதுனா கீல் கிரீச்சுன்னு கத்துனா, வூட்டுக்காரங்களக் கூப்பிடாமலே ஒரு சொட்டு எண்ண வுட்டுட்டுப் போய்னே இருப்பாரு. நான் ஷேர் ஆட்டோ ஓட்டுன காலத்துல சீட்டுக் கம்பி ஒடஞ்சா, சாப்புட்ற சோத்த மூடி வெச்சிட்டு வந்து ஒட்டிக் குடுத்த ஆளு.

கொழந்த வூட்டுக்கு வந்தன்னிக்கி அவரு சம்சாரம் ஃபாயிசா நெய்ச்சோறு ஆக்கி அனுப்புனாங்க. பாய் மாடிக்கு வந்து கொழந்தயப் பாத்தாரு. அப்ப டேங்க் மேல மைனா கத்துச்சு, கொழந்த டக்குனு தலயத் திருப்புச்சு.

"மைனாவப் பாக்குது பாய்"னேன்.

என் வூட்டுக்காரி அமலராணி, "அதுக்கு ஒரு மொழத்துக்கு மேல கண்ணு தெரியாதுய்யா"ன்னா.

பாய் மைனாவத்தான் பாத்தாரு. அடுத்த வாரம் மைனா குடிக்க, குளிக்க தகட்டுல ஒரு தண்ணித் தொட்டி செஞ்சு எடுத்தாந்தாரு. மைனா கால் அறுக்காம ஓரத்த மடிச்சு, ஒக்கார ஒரு கம்பியும் வெச்சிருந்தாரு. அவரு பட்டறைல ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அதுக்கு மேல சில்வர் பெயிண்ட் ஒரு கோட்டு அடிக்காம எந்தச் சாமானும் வெளிய வராது. இதுக்கும் அடிச்சிருந்தாரு, உள்பக்கம் வரைக்கும். தொட்டி பளபளன்னு இருந்துச்சு. "ஆயுசுக்கும் துரு புடிக்காதுண்ணா"ன்னாரு.

மைனா ஜோடியா வந்து குளிச்சுது. நாங்க மூணு பேரும் பாப்போம், நானு, பாயி, கொழந்த.

கத்திரி வெயில் வந்துச்சு. ஒருநாள் மத்தியானம் துணி எடுக்கப்போன அமலராணி மேலருந்து கூப்ட்டா. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு மைனா ரெக்கயத் தொங்கப்போட்டுனு, வாயப் பொளந்துனு கெடக்குது. பாய் ஓடியாந்தாரு. தொட்டிய எடுக்கலாம்னு தொட்டாரு, வெல்டிங் புடிச்சுக் காய்ச்சுப்போன கையவே வெடுக்குனு இழுத்துக்கினாரு. தகடு அந்தச் சூடு. தண்ணிக்குள்ள உரிஞ்ச பெயிண்ட் செதில் செதிலா மெதக்குது.

பாய் அப்டியே ஒக்காந்துட்டாரு. "கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்ட குடிக்கிற தண்ணில அடிச்சிருக்கேண்ணா."

அட்டப்பெட்டில போட்டுக்கினு தாம்பரத்துல ஒரு பறவை டாக்டர் கிட்ட போனோம். ஒவ்வொரு சிக்னல்லயும் பாய் மூடியத் தெறந்து பாத்தாரு. டாக்டரு சின்னப் பொண்ணு, பேரு சின்மயி.

"நான் கொன்னுட்டனாம்மா?"

"இன்னும் உயிரோட இருக்கு சார். வெயில் பட்டிருக்கு, அது நல்லாத் தெரியுது. பெயிண்ட்டும் உள்ள போச்சான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. சில பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அது பறவைக்கு ஆகாது."

"தகடு?"

"துத்தநாகம் பூசுன தகடும் வேணாம். எவர்சில்வர் வைங்க, மண்சட்டி வைங்க. எதா இருந்தாலும் நெழல்ல. தண்ணி தெனம் மாத்துங்க."

அத ரெண்டு நாளு அங்கயே வெச்சிருந்தாங்க. திருப்பி எடுத்தாரப் போன பாய் வெரலுல ரத்தத்தோட வந்தாரு. "கடிச்சுட்சுண்ணா"ன்னு பெருமையாக் காட்டுனாரு. மாடில பெட்டியத் தெறந்தோம், பறந்து போச்சு. அதோட சரி. அந்த ஜோடி எங்க மாடிப் பக்கமே வரல.

பாய் தொட்டிய சுத்தியால தட்டித் தட்டையாக்கிட்டாரு. வூட்டுலருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்த எடுத்தாந்து டேங்க் நெழல்ல வெச்சாரு. கால் வழுக்காம இருக்க நடுவுல கூழாங்கல்லு. பாத்தா, ஓரத்துல 'யாசீன் - ஃபாயிசா'ன்னு பேரு வெட்டிக்கீது. கல்யாணத்துக்கு வந்த தாம்பாளம்.

ஃபாயிசா என் வூட்டுக்காரி கிட்ட, "இத்தினி வருசம் விருந்தாளிக்குக்கூட எடுக்கல அக்கா. காக்காவுக்கு வெச்சிட்டாரு"ன்னாங்க. ஆனா மத்தியானம் தண்ணி மாத்துறது அவங்கதான்.

காக்கா வந்துச்சு, அணிலு வந்துச்சு. மைனா வரல. "ஜோடில இன்னொண்ணு அன்னிக்கி வந்து பாத்துட்டு, இந்த வூட்டுக்காரன் கெட்டவன்னு சொல்லிருக்கும்ணா"ன்னு பாய் நெசமாவே சொன்னாரு. தெருவுல தல குனிஞ்சுதான் நடந்தாரு. எங்க வூட்டு கேட்டு ரெண்டு நாளாக் கத்துது, அவருக்குக் காதுல வுழல.

இன்னிக்கிக் காலைல கொழந்தயத் தூக்கினு மேல போனா, பாய் படியிலயே நிக்கிறாரு, வெரல வாய்மேல வெச்சுக்கினு. எட்டிப் பாத்தேன். தாம்பாளத்து ஓரத்துல ஒரு மைனா. சுத்தியும் முத்தியும் பாக்குது, ஒரு வாய் குடிக்குது, மறுபடி பாக்குது.

"அதே மைனாவா பாய்?"

"தெரியலண்ணா."

"வந்துட்சு இல்ல, அப்பறம் இன்னா."

பாய் என் சட்டயப் புடிச்சு மெதுவா இழுத்தாரு. "குடிச்சுதே தவிர இன்னும் குளிக்கலண்ணா. நாம ரெண்டு தடியனுங்க நின்னு பாத்துனு இருந்தா அது எப்டிக் குளிக்கும்? வா, கீழ போலாம்."