மகளைப் பார்க்காமல் கோழி பார்த்த நாற்பது நாள்

கோழி என்ன இனம் என்று சொல்வது சுலபம். அதைப் பார்க்க விடும்படி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் உத்தியோகம். கணக்கெடுக்கப் போய் நாய்க்கும் ஆளுக்கும் பதில் சொல்லி நின்ற சகாக்களே, உங்களுக்கு இது புரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த காலம். கள்ளக்குறிச்சியில் கால்நடை ஆபீஸ் ஒன்றில் நான் உதவியாள். வீடு வீடாகப் போய் எது நாட்டுக்கோழி, எது சீமைக்கோழி, எது கலப்பு என்று எழுத வேண்டும். கணக்கை முடிக்காமல் லீவு கிடையாது என்றுவிட்டார் மேலதிகாரி. விருத்தாசலத்தில் மாமியார் வீட்டில் என் மனைவி செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த நினைப்புதான்.

முதல் வீட்டு வரவேற்பு

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி. மறியலில் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "உங்க கோழியெல்லாம் என்ன இனம்னு எழுதணுங்க" என்றேன். நல்ல நேரம் பார்த்தேன் போங்கள்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க ஜனம் எத்தினி பேருன்னு எண்ணுங்கன்னு ரோட்ல உக்காந்துகினு கேக்கறோம், நீ இன்னாடான்னா கோழிய எண்ண வந்துட்டியா?"

வாரக் கோழி

அதே ஊரில் பச்சையம்மாள் தன் பெட்டைக்கோழியை அஞ்சலையிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். அஞ்சலை வளர்க்க வேண்டும், பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. எட்டுக் குஞ்சு பொரித்ததில் நாலுக்குக் கழுத்தில் இறகே இல்லை. கிராப்புக்கோழி. "தாய்க்குக் கழுத்து மூடியிருக்கு, இந்த நாலும் நான் தனியா வெச்ச முட்டை, பங்கு கிடையாது" என்றாள் அஞ்சலை. பச்சையம்மாள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு சண்டைக்கு இறங்கிவிட்டாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். குப்பைமேட்டில் ஒரு கிராப்புச் சேவல், ஒன்றும் தெரியாத மாதிரி கிளறிக்கொண்டிருந்தது. "அப்பனைக் கொண்டு பிறந்திருக்கு. எட்டும் ஒரே தாய் வயித்து முட்டையா இருக்கலாம்" என்று பெரிய நீதிபதி மாதிரி சொன்னேன். பச்சையம்மாள் மகிழ்ந்துபோய் மோர் கொடுத்து, குடும்பம் விசாரித்தாள். பெண் பிறந்திருக்கிறது என்றேன். பங்கு போன கோபத்தில் இருந்த அஞ்சலை சும்மா விடுவாளா?

"குஞ்சு அப்பன் ஜாடைன்னு இம்மாங் கரெக்டா சொல்றீங்களே சார், உங்க பொண்ணு யாரு ஜாடை?"

பாய் கடை

அன்று சாயங்காலமே செல்விக்குக் கடிதம் எழுதினேன். கை பழக்கதோஷம், படிவம் மாதிரியே வந்தது. நிறம் என்ன? கால் நீளமா, குட்டையா? தலையில் முடி உண்டா? பெட்டியில் போட்ட மறுநாள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை.

கடைத்தெருவில் கோழிக்கடை பாயிடம் தினமும் போய் நிற்பேன். விருத்தாசலம் போகிற வழி உளுந்தூர்பேட்டை; லாரிக்காரர்கள் மூலம் அந்த ரோட்டுச் சேதி அவருக்குத்தான் முதலில் வரும். சரக்கு வராமல் அவர் கூண்டுகளே காலி. இருந்தும் எனக்கு டீ சொல்லிவிட்டுச் சொன்னார்:

"கோழி வர்லன்னா நான் கடைய சாத்திக்கினு வூட்டுக்குப் போவேன். உங்க கஷ்டம்தான் ஜாஸ்தி, உங்க வூடே மரத்துக்கு அந்தாண்ட கீது."

எழுதாத சேவல்

கீழே ரோடு அடைத்திருந்ததால் என்னை மலைக்கு அனுப்பினார்கள். கரியாலூரில் அலமேலு என்ற பெண்ணின் வாசலில் ஒரு சேவல். அடேயப்பா! கறுப்பும் சிவப்புமாக, நெட்டைக் கால். சுத்தமான நாட்டு ரகம். பேனாவை எடுத்தேன். "அத எழுதாதீங்க, சாமிக்கு விட்டது" என்றாள். கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன புருசன் திரும்பி வந்தால் அறுப்பதாக நேர்ந்திருக்கிறாள்.

வயசு ஏற ஏற வளரும் கால்முள் விரல் நீளத்துக்கு வளைந்திருந்தது. வாய் சும்மா இருக்குமா? "மூணு வயசுக்கு மேல ஆயிருக்குமே" என்று தொழில் புத்தியில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாற்பது நாள் தாங்காத நான் அவளிடம் போய் வருசக் கணக்குச் சொல்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"ஆமாங்க, மூணு வருசமா அதுக்கும் சாவு வரல, அவருக்கும் வழி தெரியல."

விருத்தாசலம்

ரோடு திறந்ததும் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் லீவு வாங்கினேன். மாமியார் வீட்டில் இரண்டு தூளி தொங்கின. செல்வியின் தங்கையும் பிரசவத்துக்கு வந்திருந்தாள். யாரும் வாய் திறக்கும் முன்னே முதல் தூளியில் இருந்ததைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "என் நெத்தி, அப்படியே என் நெத்தி!" என்று முத்தமாகக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வேறு.

"மாமா, அது என் பையன்" என்றாள் மைத்துனி. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். செல்வி சிரிக்கவில்லை. அடுத்த தூளியில் இருந்து எங்கள் மகளை எடுத்து என் கையில் வைத்தாள். லீவு எத்தனை நாள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப ரெண்டு நாளும் கீழ வுடாம வெச்சிக்கினு இருங்க, அவளுக்காவது அப்பன அடையாளம் தெரியட்டும்."

பெட்டையா சேவலா, நாட்டுக்கோழியா கலப்பா என்று ஒரு தாலுகாவுக்கே சொன்ன எனக்கு, என் மகள் எவள் என்று சொல்ல ஒரு பெண்டாட்டி வேண்டியிருந்தது.