வாப்பாவின் படிவத்துக்காக லா சப்பலில் ஒரு பகல்

போன ஜூனில் லண்டனிலிருந்து பாரிசுக்கு ஒரே நாளில் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல, என் வாப்பா பொய்யர் இல்லை என்று காட்ட.

கொழும்பில் வாப்பா மாரடைப்பில் மௌத்தானதும், அவர் கட்டிவந்த தகாஃபுல் பணத்துக்கு உம்மா விண்ணப்பித்தார். பலரும் பொது நிதிக்கு நன்கொடையாகக் கட்டி, ஒருவர் கஷ்டத்துக்கு மற்றவர்கள் கைகொடுக்கும் இஸ்லாமியக் காப்புறுதி அது. 'இருதய நோயை மறைத்துவிட்டார், ஒப்பந்தம் செல்லாது' என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. 'மறைத்துவிட்டார்' என்ற சொல்லில்தான் உம்மா உடைந்துபோனார். வழக்குக்குப் போகுமுன் சமரசக் குழு ஒன்று உண்டு. வாப்பா சேர்ந்தபோது படிவத்தை நிரப்பிய முகவர் பேசினால் கேட்போம் என்றார்கள். அந்த முகவர் குகன் இப்போது பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான்கு தடவை அழைத்தும் போன் எடுக்கவில்லை. சரி, நேரில் போய் நிற்போம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணி ரயில், போக வர 118 பவுண். பத்தரைக்குள் கார் து நோர் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து லா சப்பலுக்கு மெத்ரோ ரயில் எடுக்காதீர்கள், நடை பத்து நிமிடம்தான்.

குகன் அண்ணை முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் கை நின்றது.

"வாப்பா உங்கக்கிட்ட இருதய வருத்தத்தச் சொன்னாரா, அண்ணை?"

"ஓம் தம்பி, சொன்னவர். ஒப்பரேசன் தழும்பையும் காட்டினவர். நான்தான் படிவத்திலை 'இல்லை' எண்டு போட்டனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன்?"

"கட்டுறது நன்கொடை எண்டுதானே எங்களுக்குப் படிப்பிச்சவை. எங்கடை கோயிலிலை அன்னதானத்துக்குக் குடுக்கிறவரிட்டை ஆரும் நோய் வருத்தம் கேக்கிறேல்லை. அதாலை எல்லாருக்கும் 'இல்லை'தான் போட்டனான். பயத்திலைதான் போன் எடுக்கேல்லை."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதைக் குழுவிடமும் சொல்லச் சொன்னேன், சம்மதித்தார்.

பதினொன்றரைக்குக் கொழும்பிலுள்ள சமரசக் குழுவுடன் வீடியோ அழைப்பு. அங்கே பிற்பகல் மூன்று. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே அதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார் குகன் அண்ணை.

"ஆங்கிலப் படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"இல்லை ஐயா. அவர் என்னை நம்பிக் கையெழுத்து வைச்சவர்."

முகவரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதுதான் என்றது குழு. கடிதத்தை மீளப்பெற்றுப் பணம் தர நிறுவனத்தின் ஆளும் இணங்கினார். அப்பாடா! அதன் பிறகுதான் பசி தெரிந்தது. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி, ஒன்பது யூரோ.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: போன் எடுக்காதவரைக் கெட்டவர் என்று முடிவுகட்டாதீர்கள். படிவத்தின் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள். இனிமேல் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

ரயில் ஏறுமுன் உம்மாவை அழைத்தேன். எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை.

"அந்தச் சொல்ல அழிச்சிட்டாங்களா, மகன்?"

"அழிச்சிட்டாங்க, உம்மா."